லான்மடாவ் சந்தில் ஒரு மணி நேரம்

ஒரு ஊருக்குப் போனால் மற்றவர்கள் கோபுரம் பார்ப்பார்கள், கடைத்தெரு பார்ப்பார்கள். நான் கழிப்பறை பார்ப்பேன். மேற்கத்தியக் கழிப்பறையா, சுவரில் கைப்பிடி இருக்கிறதா, போகிற வழியில் படி உண்டா, உட்கார நாற்காலி கிடைக்குமா, இவைதான் என் கண்ணில் படும். வயதானவர்களைக் கப்பல் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கப்பல் ஒரு துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும். அந்தப் பகலை முட்டிவலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் தாங்குகிற மாதிரி வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. அதற்கு நான் முன்னாடியே தனியாகப் போய் எல்லாவற்றையும் நடந்து பார்த்துவிட வேண்டும்.

ரங்கூன் என்று நாம் சொல்கிற யாங்கோனுக்குப் போவதற்கு முந்தின வருஷம் இத்தாலியில் நேப்பிள்ஸுக்கு ஒரு நாள் போட்டுக் கொடுத்திருந்தேன். அங்கே தெருவெல்லாம் கருங்கல் பாவி, நடந்தவர்கள் முட்டியை வாங்கிவிட்டது. திரும்பி வந்து எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். அடுத்து யாங்கோன் என்று சொன்னதும் மேலாளரிடம் கேட்ட முதல் கேள்வி, "தரை எப்படி?" என்பதுதான். அவருக்குத் தெரியவில்லை. கப்பல்கள் அந்த ஊருக்கு ஒழுங்காக வந்துபோய்க்கொண்டிருந்த காலம் அது.

கிளம்புவதற்கு முன்னால், கப்பலுக்குப் பெயர் கொடுத்திருந்த ஹாஜா பாய் அலுவலகத்துக்கு வந்தார். கீழக்கரைக்காரர், மண்ணடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்து மகன்களிடம் விட்டவர். கழுத்தில், எலும்புத் தேய்மானத்துக்குப் போடுகிற பட்டை. பக்கத்தில் மகள். "எனக்குப் பகோடா வேணாம், மார்க்கெட் வேணாம் தங்கச்சி. எங்க லாத்தாவைப் பாக்கணும். அவ்வளவுதான்," என்றார். அவர்கள் பக்கத்தில் அக்காவை லாத்தா என்பார்கள். அக்கா மைமூன் கல்யாணமாகி ரங்கூனிலேயே தங்கிவிட்டவர். மீசை அரும்பாத வயதில் இவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியதே அவர்தானாம். அப்புறம் கடை, விசா, மகள்கள் கல்யாணம் என்று தள்ளிப்போய், கடைசியில் இதயத்தில் கோளாறு வந்து விமானமே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்த வழி கப்பல். "படியும் ஏறக் கூடாது மேடம். வாப்பா சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடுறேன்," என்றாள் மகள்.

போனில் முகம் பார்த்துப் பேசலாமே என்று கேட்டேன். "பேசுறோம். அந்தக் கண்ணாடியில என் மூக்கு மட்டும்தான் தெரியுதாம் அவளுக்கு," என்றார்.

இந்த மாதிரி உருக்கமெல்லாம் என் தொழிலுக்கு ஒத்துவராது. ஒருத்தருக்காக வண்டியைத் திருப்பினால் முப்பது பேரும் ஆளுக்கொரு அத்தை வீட்டைச் சொல்வார்கள். "பார்க்கிறேன்," என்றேன். பார்க்கிறேன் என்றால் எங்கள் அலுவலகத்தில் முடியாது என்று அர்த்தம். அவருக்கு அது தெரியாமல் இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார். அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

யாங்கோனில் என்னை அழைத்துப்போக வந்தவள் மா சான்டா. அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். சுற்றுலா வழிகாட்டி. "தமிழ் கேட்டா நல்லா வெளங்கும் அக்கா. பேசப்போனா வாய் வராது," என்று வந்ததும் சொல்லிவிட்டாள். சொன்ன அளவுக்கு மோசமில்லை. அவசரத்தில் மட்டும் பர்மியம் புகுந்துகொள்ளும். சின்னப் பெண் என்றால் பெயருக்கு முன்னால் 'மா', வயதானவள் என்றால் 'டோ' என்று மரியாதைப் பாடம் எடுத்தாள். அப்படியானால் நான் மா தானே என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "நீங்க டோ," என்றாள். அன்றைக்கு முழுவதும் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

முதல் நாளே ஒரு சங்கதி பிடிபட்டது. அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகின்றன. ஆனால் வண்டிகள் பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து வந்த பழையவை, நம் ஊர் மாதிரி இடது பக்கம் போவதற்குச் செய்தவை. அதனால் வேனின் கதவு இடது பக்கம், அதாவது நடுரோட்டுப் பக்கம் திறக்கிறது. நான் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தேன், ஒரு பஸ் என் முழங்காலை உரசிக்கொண்டு போயிற்று. சான்டா பதறாமல், "நாங்க பின்னால பாத்துத்தான் எறங்குவோம்," என்றாள். என் ஆட்களுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிற கழுத்து இருந்தால் நான் எதற்கு? வலது பக்கம் கதவு வைத்த பஸ்தான் வேண்டும் என்று அங்கேயே நின்று சொன்னேன். அதைத் தேடிப் பிடிக்க அவளுக்கு மறுநாள் வரை ஆயிற்று.

ஊரின் நடுப்பகுதியான கியாக்டடாவில் சூலே பகோடாவைச் சுற்றி நடந்தோம். வெள்ளைக்காரன் கட்டிய பெரிய பெரிய கட்டடங்கள், அதன் கீழே வங்கிகள், அலுவலகங்கள், ஓயாத பஸ். நம் பாரிமுனையை நன்றாகக் கழுவி, மோட்டார் சைக்கிளை எல்லாம் எடுத்துவிட்டால் இப்படி இருக்கும். ஊருக்குள் மோட்டார் சைக்கிளே கூடாதாம். அதைக் கேட்டதும் நிம்மதியாக மூச்சுவிட்டேன். மூச்சு விட்டு முடிப்பதற்குள் நடைபாதைப் பலகைக்கல் ஒன்று காலுக்குக் கீழே ஆடியது. அடியில் சாக்கடை. நடைபாதை வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

சாப்பாட்டில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. சென்னையில் பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ தின்று வளர்ந்தவள் நான். அதன் பிறந்த ஊரில் தின்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். சான்டா ஒரு கடையில் உட்காரவைத்து நூடுல்ஸில் வெங்காயம், கொண்டைக்கடலை மாவு, புளித்தண்ணி எல்லாம் போட்டுப் பிசைந்து கொண்டுவரச் சொன்னாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஊர்க்காரன் முட்டையில் மிளகைக் கொட்டி, மொறுமொறுவென்று பொரித்த பேஜோவை நொறுக்கிப் போட்டுத் தருவதில் இருக்கிற அடாவடி இதில் இல்லை. இதைச் சொன்னதும் சான்டாவுக்குக் கோபம். "நீங்கதான் கெடுத்து வச்சிருக்கீங்கோ," என்றாள். ஒருவிதத்தில் அவள் என்னை டோ என்றதற்குக் கணக்கு சரியாயிற்று.

இரண்டாம் நாள் காலையில் ஷ்வேடகோன் பகோடா. அழகைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். மேலே போக லிஃப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலி தருகிறார்கள். சிக்கல் காலில். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், காலுறையும் கூடாது. நாம் கோயில்காரர்கள், செருப்பு கழற்றுவது நமக்குப் புதுசில்லை என்று அலட்சியமாக நடந்தேன். வெயில் ஏறியதும் சலவைக்கல் தோசைக்கல் ஆகிவிட்டது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு, சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே வெயிலுக்கு முன்னால் வந்து வெயிலுக்கு முன்னால் இறங்க வேண்டும். விரித்திருந்த பாயைவிட்டு யாரும் விலகக் கூடாது.

அப்புறம் டீக்கடை. வாயைக் குவித்து, குழந்தைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினால்தான் பரிமாறுகிறவர் வருகிறார். சான்டா இரண்டு தரம் 'ப்ச் ப்ச்' என்றாள், டீ வந்தது. என்னைச் செய்யச் சொன்னாள். வாய் கூசியது. கையைத் தூக்கினேன், "ஹலோ" என்றேன், ஒருத்தரும் திரும்பவில்லை. கடைசியில் முகத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு செய்தேன், மூன்று மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். மேசையில் ஒரு பிளாஸ்கில் பச்சைத் தேநீர், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், காசில்லை. நம் ஊரில் தண்ணீர் டம்ளர் வைப்பது மாதிரி. எல்லாம் சரி, உட்காரக் கொடுத்த ஸ்டூல் முழங்கால் உயரம்கூட இல்லை. அதில் உட்கார்ந்த என் ஆட்களை எழுப்பக் கிரேன்தான் வரவேண்டும்.

சாயங்காலம் லான்மடாவ், ஹாஜா பாயின் லாத்தா இருக்கிற பேட்டை. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு நாளாகத் தள்ளிப் பார்த்தேன். "சொல்லிட்டா போய்ப் பாத்துடணும் அக்கா," என்று சான்டாதான் இழுத்துக்கொண்டு போனாள். காய்கறியும் மீனும் விற்கிற குறுகலான சந்து. இரண்டு பக்கமும் உயரமான, ஒட்டி ஒட்டி நிற்கிற வீடுகள், லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்குகிறது. கயிற்றின் முனையில் ஒரு கிளிப். வீட்டுக்கு வருகிற பேப்பர், காய், சாப்பாட்டுப் பை எல்லாம் அதில் மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்கிறார்கள். மாடிக்காரர்களின் சாவிகூட அதில்தான் இறங்குகிறது. நம் ஊர் அடுக்குமாடிகளில் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சான்டா ஒரு கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். நாலாவது மாடியில் மணி அடித்தது. ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்து, பர்மியத்தில் அதட்டியது. "மீன்காரங்கன்னு நெனச்சிட்டாங்கோ," என்றாள் சான்டா.

படி ஏணிக்கு அக்கா மாதிரி இருந்தது. அகலம் என் தோள் அளவு. கைப்பிடி பாதியிலேயே நின்றுவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. ஹாஜா பாய் ஏறுகிற பேச்சுக்கே இடமில்லை என்பது எனக்கு இரண்டாவது மாடியிலேயே தெரிந்துவிட்டது.

டோ மைமூன் பால்கனி ஓரத்தில், கயிறு கட்டியிருந்த கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் சந்தனம் மாதிரி தனக்காப் பட்டை அரைத்துப் பூசியிருந்தது, தலையில் முக்காடு. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு கீழே இறங்கவே இல்லையாம். மருமகள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், பகலெல்லாம் இவர் தனிதான். "தனி என்ன தனி, தெருவே கையில இருக்கே," என்று கயிற்றைக் காட்டினார். தமிழ் அப்படியே கீழக்கரைத் தமிழ், நடுவில் நடுவில் பர்மியம். "அவன் ஏறி வருவானா புள்ள?"

"ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா."

"நான் எறங்க மாட்டேன்னு எந்த டாக்டரும் சொல்லல. நானே சொல்லிட்டேன்," என்றார்.

நாலு ஆளைப் பிடித்து நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கலாம், பத்திரமாகச் செய்கிற ஆட்கள் இருப்பார்கள் என்றேன். எங்கள் தொழிலில் அது சகஜம். அவர் முகம் மாறியது. "அவனைக் கப்பலேத்துனப்ப இந்தப் படியில அவன் பெட்டியை நான்தான் தூக்கிட்டு எறங்குனேன். அவன் முன்னாடி மூட்டை மாதிரி எறங்கச் சொல்றியா?" என்று கேட்டார். சான்டா என் முழங்கையைக் கிள்ளினாள். பேச்சை விட்டுவிட்டேன்.

அப்புறம் அவரே கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "கீழே கொண்டாந்து இதுக்கடியில நிப்பாட்டு. பேச்சு கேக்கும். கீழேருந்து ஒரு இழுப்பு இழுத்தா, சாமான் மாட்டியிருக்குன்னு அர்த்தம். மேலேருந்து நான் ரெண்டு இழுப்பு இழுத்தா, கையை விட்டுடணும், நான் இழுக்கப் போறேன்னு அர்த்தம். இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். அவனுக்குச் சொல்லிக் கொடு."

கீழே இறங்கி வந்து சான்டாவிடம் சொன்னேன், "மேலேயும் கீழேயுமா கத்திப் பேசுறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?" அவள், "நாங்க தினம் அப்படித்தான் பேசுறோம்," என்றாள்.

மூன்றாம் நாள் ஒத்திகை. கப்பல் நகரத்துக்குள் வராது. தன்லியின் என்கிற ஊருக்குப் போகிற பாலத்தைத் தாண்டி, இன்னும் தள்ளி ஆற்றங்கரைத் துறைமுகத்தில்தான் நிற்கும். கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் உள்ளே வரும், ஏற்றத்தைப் பார்த்துத்தான் வெளியே போகும். தண்ணீர் இறங்கிவிட்டால் ஆற்றில் அடி தட்டும். ஆகவே அந்தக் கப்பல் யாருக்காகவும் நிற்காது. நான் சாயங்காலம் நகரத்திலிருந்து துறைமுகத்துக்கு வண்டியில் போய்ப் பார்த்தேன். தன்லியின் பக்கத்துத் தொழிற்சாலைகள் விடுகிற நேரம். பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், ஒன்றும் அசையவில்லை. பக்கத்து பஸ்ஸில் ஒரு பெண் டிபன் டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, மூடி, கையும் துடைத்துக்கொண்டாள். நாங்கள் அதே இடத்தில் இருந்தோம். அன்றைக்குக் கப்பல் இருந்திருந்தால் முப்பது பேரும் கரையில் நின்று கையசைத்திருப்பார்கள்.

ராத்திரி விடுதியில் உட்கார்ந்து வெட்டினேன். தொழிற்சாலை விடுவதற்கு வெகுமுன்னால் ஊரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். காலையில் ஷ்வேடகோன், பஸ்ஸுக்குள் இருந்தபடியே கியாக்டடா, மதியம் பிரியாணி. மிச்சம் ஒரு மணி நேரம். அதில்தான் எல்லோரும் கேட்கிற மார்க்கெட் வரவேண்டும். மார்க்கெட்டைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். கடைசியில் 'லான்மடாவ் சந்தில் தேநீர்' என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று மேலாளர் கேட்டால் மார்க்கெட்டில் படி அதிகம் என்று சொல்லிக்கொள்ளலாம். படி அதிகம்தான், அது பொய்யில்லை.

ஆனால் சந்து டீக்கடையிலும் அதே குட்டை ஸ்டூல். மறுநாள் காலை கயிற்றடியில் நின்று இதைக் கத்திச் சொன்னேன். அவ்வளவுதான், டோ மைமூன் மேலேயிருந்து ஆரம்பித்தார். எதிர்வீடு, பக்கத்து வீடு, மீன்காரி, டீக்கடைக்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். சான்டா சிரித்துச் சிரித்து மொழிபெயர்த்தாள். "'உன் வீட்டுல நாலு நாற்காலி இருக்கு, எனக்குத் தெரியும், கயித்துல கறி ஏத்துனப்ப பாத்தேன்'ங்கறாங்கோ. 'கை வச்ச நாற்காலி கொண்டா, இல்லாட்டி உன் கடைப் பக்கம் தண்ணி ஊத்துவேன்'ங்கறாங்கோ." டீக்கடைக்காரர் பணிவாக மேலே பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அப்படி ஒரு ஆள் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும்.

ஊருக்குத் திரும்பி, முப்பது பேரோடு நானும் கப்பலில் வந்த நாளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் என்னோடு வந்தவர்கள் சிரிப்பார்கள். கப்பலிலிருந்து இறங்கவே தாமதம். ஷ்வேடகோனில் ஒருத்தர் பாயை விட்டு விலகிப் போய்ப் படமெடுத்து, பாதத்தைத் தூக்கித் தூக்கி ஆடினார். பிரியாணியில் காரம் இல்லை என்று ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சரோஜா அம்மா ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்தார். அது மேசை மேசையாகப் போய்க் காலியாகத் திரும்பிவந்தது. எப்படியோ சொன்ன நேரத்துக்குச் சந்து வாசலுக்கு வந்துசேர்ந்தோம்.

பஸ் உள்ளே போகாது. மற்றவர்கள் கொஞ்ச தூரம் நடந்து டீக்கடைக்குப் போனார்கள். அங்கே சோபா ஒன்று, அலுவலகச் சுழல் நாற்காலி ஒன்று, பிளாஸ்டிக், மரம், பிரம்பு என்று தெருவில் இருந்த நாற்காலியெல்லாம் வரிசையாக நின்றது. ஹாஜா பாயை சைக்காவில் ஏற்றினேன். சைக்கிளின் பக்கவாட்டில் தாழ்வாக ஒரு இருக்கை வைத்த வண்டி, ஏறுவதும் இறங்குவதும் சுலபம். மடியில் ஒரு பொட்டலத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். கீழக்கரைத் தொதல், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய அல்வா. கப்பலில் ஏறின நாளிலிருந்து அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

கயிற்றுக்கு அடியில் சைக்கா நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழுத்துப் பட்டை. அவரால் தலையைத் தூக்கி மேலே பார்க்க முடியாது. இத்தனை படியையும் கழிப்பறையையும் பார்த்தவள் இதைக் கோட்டைவிட்டிருந்தேன். அவருக்கு எதிரே தெரிந்தது ஒரு கயிறும் சுவரும்தான். மேலேயிருந்து அவருடைய தொப்பி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"ஹாஜா," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"லாத்தா," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவர் மடியிலிருந்த பொட்டலத்தை வாங்கி நான் கிளிப்பில் மாட்டினேன். அவர் ஒரு இழுப்பு இழுத்தார். மேலே மணி அடித்தது. பொட்டலம் ஆடிக்கொண்டே ஏறிப் போயிற்று. பிரித்துத் தின்கிறார் போல.

"தேங்காப்பால் போதல," என்று குரல் கேட்டது.

ஹாஜா பாய் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து கொட்டியது. "உன் மருமவளைக் கிண்டச் சொல்லு, அப்பத் தெரியும்," என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். "கருப்பட்டியும் பழசு," என்றது மேலே. அப்புறம் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. யார் மகளுக்கு எத்தனை பிள்ளை, யார் மவுத்தானது, எந்தக் கிணறு தூர்ந்தது, எல்லாம் நாலு மாடி உயரத்துக்குத் தெருவே கேட்கப் போயிற்று. மேலேயிருந்து கயிறு இறங்கியது, கிளிப்பில் ஒரு டப்பா. ரவையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட கேக். அதை எடுத்துக்கொண்டவர் கயிற்றை விடவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே பேசினார். மேலே அக்காவும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார், கயிறு விறைப்பாக நின்றது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பாலம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இரண்டு முறை விட்டேன். சான்டா என்னைப் பார்க்காமல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எழுந்து பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். "பாய், கிளம்பணும்," என்றேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. மேலே பார்த்து, "அம்மா, பாலம் மறிச்சிடும்," என்றேன். அந்தக் குரலை எனக்கே பிடிக்கவில்லை.

மேலேயிருந்து கயிறு இரண்டு முறை இழுபட்டது.

அவருக்கு அர்த்தம் தெரியும், பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். விடவில்லை. இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். மறுபடி இரண்டு இழுப்பு. "விடு ஹாஜா," என்றது குரல். "விட்டுடு." அவர் தலையை ஆட்டினார், பட்டைக்குள் ஆட்ட முடிந்த அளவுக்கு.

பிறகு கயிறு தொய்ந்தது. தொய்ந்துகொண்டே வந்து மொத்தமும் அவர் மடியில் சுருண்டு விழுந்தது. மேலே கம்பியிலிருந்து அவிழ்த்துவிட்டிருக்கிறார். நான் நிமிர்ந்து பார்த்தேன், பால்கனியில் யாரும் இல்லை. ஹாஜா பாய் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் விடல தங்கச்சி," என்றார். "அவதான் விட்டுட்டா."

சைக்காக்காரர் எதுவும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.

பாலம் அன்றைக்குக் காலியாகக் கிடந்தது. பஸ் ஒரு இடத்திலும் நிற்காமல் தாண்டிப் போயிற்று. துறைமுகத்தில் மற்ற பஸ் ஒன்றுகூட வந்து சேரவில்லை. கப்பல் ஏறுகிற இடத்தில் காவலர் அப்போதுதான் நாற்காலியைப் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது பேரும் நிழலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். "இதுக்கு மார்க்கெட்டே போயிருக்கலாம்," என்று யாரோ சொன்னார்கள். அடுத்த முறை போனாலும் நான் அதே நேரத்துக்குத்தான் கிளப்புவேன். அந்தப் பாலத்தை நம்ப முடியாது. அது ஒரு பக்கம். அங்கே சும்மா உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிஷமும் அந்தச் சந்தில் அவருக்குக் கொடுத்திருக்கக்கூடிய நிமிஷம்.

ஹாஜா பாய் கயிற்றை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தார். சரோஜா அம்மா, "எதுக்கு பாய் இவ்வளவு கயிறு?" என்று கேட்டார்.

"எங்க லாத்தா வீட்டுக் கயிறு. இவ்வளவு தூரம்தான் பாக்கி இருந்திச்சு," என்று சுற்றியதைத் தூக்கிக் காட்டினார்.

அப்போது சான்டாவிடமிருந்து போன் வந்தது. சாயங்காலச் சாமான் ஏற வேண்டுமே என்று அவளே புதுக் கயிறு வாங்கிக் கட்டிவிட்டாளாம். டோ மைமூனுக்குப் பிடிக்கவில்லையாம், புதுசு முறுக்கிக்கொள்கிறதாம். பழைய கயிற்றைத் தம்பி அடுத்த தடவை வரும்போது மறக்காமல் கொண்டுவர வேண்டும் என்று சொல்லச் சொன்னாராம்.

சொன்னேன். ஹாஜா பாய் சுற்றுவதை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"கொண்டாறேன்னு சொல்லு தங்கச்சி," என்றார்.

சான்டா போனை வைக்காமல் காத்திருந்தாள். கொண்டுவருவாராம் என்றேன்.